மூச்சின் வழி கண்ட மேதை

கடலோரச் சேற்றில் ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே கருநிறமும் அழுகிய முட்டை நாற்றமுமே உண்டு. அந்த எல்லையில் நுண்ணிய நூற்புழுக்கள் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றுக்கு நுரையீரல் இல்லை, செவுள் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. பின் எவ்வாறு மூச்சுவிடுகின்றன? விலங்கியல் மாணவனாகிய என்னை ஆகஸ்ட் குரோக் என்னும் மேதையின் வரலாற்றிடம் அழைத்துச் சென்றது இக்கேள்விதான்.

1874 நவம்பர் 15-இல் டென்மார்க்கின் கிரெனா நகரில், கப்பல் கட்டுபவர் ஒருவரின் மகனாகக் குரோக் பிறந்தார். கோபன்ஹேகனில் உடலியல் பேராசிரியர் கிறிஸ்டியன் போரிடம் உதவியாளரானார். தவளை தோலாலும் நுரையீரலாலும் சுவாசிப்பதை ஆராய்ந்து 1903-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நுரையீரல் தானே முயன்று ஆக்சிஜனைச் சுரந்து குருதிக்கு அனுப்புகிறது என்பது ஆசிரியர் போரின் கொள்கை. குரோக் சின்னஞ்சிறு காற்றுக் குமிழியையும் பகுத்தறியும் கருவியை உருவாக்கினார். மருத்துவரான மனைவி மேரியுடன் சேர்ந்து அளந்து பார்த்தார். ஆக்சிஜன் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத் தானே பரவுகிறது. சுரப்பு ஏதும் தேவையில்லை என்று 1910-இல் ஏழு கட்டுரைகளில் நிறுவினார். ஆசிரியரை மறுத்த அந்த எழுத்திலேயே அவருக்குத் தாம் பட்ட நன்றிக்கடனையும் பதிவு செய்தார். தசையின் நுண்குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக 1920-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இப்பரவல் வேகமானதன்று என்பதையும் குரோக் கணக்கிட்டுக் காட்டினார். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புவரைதான் அது உடலுக்குப் போதும். அதற்கு மேல் குருதியோட்டம் வேண்டும். சேற்றுப் புழுவின் இரகசியம் இங்கே விளங்குகிறது! அதன் தடிப்பு பெரும்பாலும் மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆகவே, வெளியே ஆக்சிஜன் மிக அருகியிருந்தாலும் தோல் வழியாகவே அது உள்ளே சென்றுவிடுகிறது. அறவே இல்லாதபோது பல புழுக்கள் ஆக்சிஜனின்றியே சில காலம் தாக்குப்பிடிக்கின்றன.

இத்தகைய நுண்ணுயிர்களின் மூச்சை அளக்கவும் வழி பிறந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ராம் லாங் 1937-இல் மிதக்கும் கண்ணாடிச் சிறுகுப்பியை ஆய்வுக் கருவியாக்கினார். சைத்தன் அதனைக் கொண்டு கடல் நுண்விலங்குகளை அளந்து 1947-இல் முடிவுகளை வெளியிட்டார்.

1949 செப்டம்பர் 13-இல் குரோக் மறைந்தார். ஆசிரியரை மதிப்பதும் அவர் கருத்தைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே, ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் என்று நான் கருதுகிறேன்.