தங்கையின் மரணமும் அடையாறு மருத்துவமனையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

எங்கள் ஊர் அத்திப்பட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரைக் கேளாத தாய்மார் இல்லை. கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் அமைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அவர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறப்போடு சேர்த்து ஊரார் சொல்லும் அப்பெயரை நான் ஓர் இறப்பின் வழியாகத் தெரிந்துகொண்டேன். ஆகவே அம்மையாரின் வாழ்வில் புற்றுநோயாளருக்காக அவர் உழைத்த பகுதியையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்க மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. எதிர்ப்புகளுக்கிடையே படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேருந்தில் எவர் கண்ணிலும் படாமல் வந்து சேர்கிறேன். அம்மையாரோ ஊரே வேடிக்கை பார்க்கக் கல்லூரிக்குப் போனவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பின்னாளில் சென்னை சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினரும் துணைத் தலைவருமானதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், அவ்வை இல்லம் கண்டதும் பாடநூல்களில் உள்ளவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி அவர் தங்கையைப் பற்றி. 1920களின் தொடக்கத்தில் அத்தங்கை நோயுற்றார். பார்த்த மருத்துவர்கள் சீதபேதி என்று எண்ணி அதற்கே மருந்து கொடுத்து வந்தனர். அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவப் பட்டம் பெற்ற அக்காள் அருகிலிருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. அம்மையார் வாழ்நாள் முழுதும் மறவாத துயரம் இது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆயாவின் நினைவுதான் வந்தது. வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய் அது. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. ஊர்ப்பக்கத்து மருத்துவர் ஒருவர் சாதாரண வாய்ப்புண் என்று சொல்லிப் பல மாதம் களிம்பு கொடுத்தார். பிறகு ரயிலேறி, பஸ் மாறி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நோய் முற்றிவிட்டிருந்தது. இம்மருத்துவமனையை எழுப்பியவர்தான் முத்துலட்சுமி அம்மையார் என்று அப்பா சொன்னது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தபின் ஆயாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தொற்றிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நாங்களும் நம்பினோம். தனக்கு என்ன நோய் என்று ஆயா என்னிடம் ஒருநாள் கேட்டார். அப்போது நான் பிளஸ் டூ அறிவியல் மாணவி; புற்றுநோய் தொற்றுநோயன்று என்பதையும் படித்திருந்தேன். ஆயினும் வாய்ப்புண்தான், ஆறிவிடும் என்று பொய் சொன்னேன். ஆயா அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அம்மையாரிடம் நான் வியப்பது, அவர் தம் வீட்டுத் துயரத்தை மூடி வைக்காததைத்தான். 1925இல் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டனுக்கு மேற்பயிற்சிக்குச் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். அதன் வரலாறும் இதே போன்றதுதான். வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1851இல் அதைத் தொடங்கினார். இத்தகைய மருத்துவமனை ஒன்று சென்னையில் வேண்டும் என்னும் உறுதியோடு அம்மையார் திரும்பினார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படையாகக் கேட்டார்.

கிடைத்தது மருத்துவமனையன்று, மறுப்புத்தான். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டார்களாம். இக்கேள்வியை நான் எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன். ஆயாவுக்காக அப்பா கடன் வாங்கியபோது உறவினர் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

அம்மையார் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு அறுபத்தேழு வயது! அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1968 ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

குணமாகாதவர்களுக்கென்றே ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில்தான் உலகில் புதிதாக வலுப்பெற்றது. அம்மையார் மறைவதற்கு முந்தைய ஆண்டு, 1967இல், சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். இதனை ஹாஸ்பிஸ் என்கிறார்கள். அங்கே நோயை விரட்டுவது நோக்கமன்று. வலியைத் தணிப்பதும், நோயாளியிடம் உண்மையைப் பக்குவமாகப் பேசுவதும், குடும்பத்தாரின் துயரத்தையும் கேட்பதும் நோக்கம். நம் நாட்டில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி மருத்துவமுறையை வெளியிட்டது: முதலில் பாராசிட்டமால் போன்றவை, அடுத்துக் கோடீன் போன்றவை, அதற்கும் அடங்காத வலிக்கு மார்பின். வேளை தவறாமல் வாய்வழியே கொடுக்கப்படும் இம்மருந்து விலை அதிகமில்லாதது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் இதை வைத்திருக்கவே தயங்கின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

ஆயா கடைசி இரண்டு மாதம் இரவில் உறங்கவில்லை. நாங்களும் உறங்கவில்லை. வலி என்பது அந்நோயோடு வருவது, சகித்துத்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மணலியை அடுத்த மாத்தூரில் புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் உள்ளோரை இலவசமாகப் பராமரிக்கும் ஜீவோதயா என்னும் ஹாஸ்பிஸ் இருப்பது எங்களுக்குத் தெரியாது. மாத்தூர் எங்கள் ஊருக்கு வெகு தூரமுமன்று.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு இதே நோய் என்று தெரிந்தது. அவர் மகள் என்னைத் தனியே அழைத்து, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டாள். ஆயாவிடம் நான் சொன்ன பொய்யை முதன்முறையாக வேறொருவரிடம் சொன்னேன். பிறகு இருவருமாக அந்தப் பெரியம்மாவின் பாயருகே போய் உட்கார்ந்தோம். அவர் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொன்னோம். அங்கேயே அவர் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மாத்தூருக்கு எப்படிப் போவது என்பதை மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.