விண்மீனுக்கு எல்லை கண்டவர்

நுழையும்முன்

இரவு வானில் என்றும் மாறாதனபோல் தோன்றும் விண்மீன்களும் பிறக்கின்றன, முதிர்கின்றன, மடிகின்றன. அவற்றின் முடிவைத் தீர்மானிக்கும் எல்லை ஒன்று உண்டு என்பதைத் தம் 19ஆம் அகவையில் கணக்கிட்டுக் கண்டவர் ஒரு தமிழர். அறிஞர் அவையில் அக்கணக்கு நகைப்புக்கு உள்ளானபோதும் அவர் அதனைக் கைவிடவில்லை. அவ்வறிவியலாளரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் லாகூர் நகரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே கற்ற சந்திரசேகர், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைச் சந்தித்து, அணுவியலில் அண்மையில் நிகழ்ந்த மாற்றங்களை அறிந்துகொண்டார். மாணவராக இருந்தபோதே ஆய்வுக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார்.

கடற்பயணத்தில் ஒரு கணக்கு

அரசின் உதவித்தொகை பெற்று, 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அன்னை நோயுற்றிருந்த காலம் அது. மகனின் கல்வி தடைப்படக் கூடாது என்று அவரே வழியனுப்பினார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கடல்கடந்து இங்கிலாந்தில் இருந்தார்.

அப்பயணத்தில் அவர் சிந்தனையை ஆட்கொண்டவை வெண்குறுமீன்கள். எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் விண்மீனின் உட்பகுதியே வெண்குறுமீன் ஆகும். அது பூமியின் அளவுக்குச் சுருங்கினாலும், ஏறத்தாழ ஒரு சூரியனின் நிறையைக் கொண்டிருக்கக்கூடும். அத்தகைய அடர்த்தியில் எலக்ட்ரான்கள் மேலும் நெருக்கப்படுவதை எதிர்த்து நிற்கும். இவ்வெதிர்ப்பு அழுத்தமே வெண்குறுமீனைத் தாங்குகிறது என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் ரால்ஃப் ஃபவுலர் விளக்கியிருந்தார். சந்திரசேகர் அவ்விளக்கத்தோடு ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையை இணைத்தார். நிறை மிகும்போது எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அந்நிலையில் அழுத்தத்தால் ஈர்ப்பு விசைக்கு ஈடுகொடுக்க இயலாது. எனவே வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று அறியப்படுகிறது. இதுவே சந்திரசேகர் எல்லை.

அவையில் நேர்ந்த அவமதிப்பு

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை முன்வைத்தார். அடுத்துப் பேசியவர் அந்நாளின் தலைசிறந்த வானியலாளர் எடிங்டன். எல்லையைக் கடந்த விண்மீன் முடிவின்றிச் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்று கருதிய அவர், இளைஞரின் கணக்கை எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. கணக்கு சரியே எனத் தனிமையில் ஒப்புக்கொண்ட அறிஞர்களும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் பகைமை பாராட்டவில்லை. எடிங்டனின் அறிவை வாழ்நாள் முழுதும் மதித்தார். 1936இல் லலிதாவை மணந்து, மறு ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1939இல் தம் முடிவுகளையெல்லாம் ஒரு நூலாக்கிவிட்டு வேறு துறைகளுக்குச் சென்றார். விண்மீன்களின் இயக்கம், ஒளிப்பரவல், கருந்துளை எனத் துறைதோறும் பல ஆண்டுகள் உழைத்து, அதனை ஒரு நூலில் நிறைவு செய்தபின் அடுத்த துறையில் புகுவது அவர் வழக்கமாயிற்று.

ஹீலியமும் வெப்பமும்

விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் உருவாகிறது. ஹைட்ரஜன் தீர்ந்தபின் ஹீலியம் சாம்பலைப்போல் மையத்தில் தங்கும். 1942இல் பிரேசில் நாட்டு அறிஞர் ஷோன்பெர்க்குடன் இணைந்து சந்திரசேகர் இவ்வுட்பகுதியை ஆராய்ந்தார். அது விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மிஞ்சினால், மேலடுக்குகளைத் தாங்க முடியாமல் சுருங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சுருங்கச் சுருங்க வெப்பம் ஏறும். வெப்பநிலை 10 கோடி கெல்வினை எட்டும்போது மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்து கார்பன் ஆகும். மேலும் ஒன்று சேர ஆக்சிஜன் ஆகும்.

இயல்பான வாயு சூடேறினால் விரிந்து குளிரும். அதனால் எரிதல் கட்டுக்குள் நிற்கும். சூரியனை ஒத்த விண்மீன்களின் ஹீலியம் மையத்திலோ நிலைமை வேறு. அங்குள்ள எலக்ட்ரான்களின் அழுத்தம் வெப்பநிலையைப் பெரிதும் சார்ந்ததன்று. வெப்பம் ஏறினாலும் மையம் உடனே விரிவதில்லை. எரிதல் மேலும் விரைவுபட்டு, ஹீலியம் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். வெண்குறுமீனைத் தாங்கும் அழுத்தமே இங்கு அடங்காத் தீயை மூட்டுகிறது.

மிகப்பெரிய விண்மீன்களின் மையத்தில் இன்னும் உயர்ந்த வெப்பத்தில் சிலிக்கான் முதலிய தனிமங்கள் விளைந்து, இறுதியில் இரும்பு தேங்கும். அவ்விரும்பு மையம் சந்திரசேகர் கண்ட எல்லையைக் கடக்கும்போது சரிந்து வீழ, விண்மீன் வெடித்துத் தனிமங்களை வெளியில் இறைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குத் தெற்கே உள்ள திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் காணப்படுகின்றன. மரம் உயிரோடிருந்தபோது அதன் உடலில் நிறைந்திருந்த கார்பனும், பின்னர் அதனைக் கல்லாக்கிய சிலிக்கானும் ஆக்சிஜனும் சூரியன் பிறப்பதற்கு முன்பே விண்மீன்களில் விளைந்தவை.

காலம் அளித்த ஏற்பு

எடிங்டன் மறுத்த எல்லையை அறிவுலகம் படிப்படியாக ஏற்றது. இந்திய அரசு 1968இல் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கும், தனிமங்கள் உருவாகும் அணுக்கரு வினைகளை ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் ஃபவுலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவமதிப்புக்கும் அப்பரிசுக்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டுகளில் அவர் ஏற்புக்காகக் காத்திருந்து காலம் கழிக்கவில்லை, நாள்தோறும் உழைத்தார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார்.

தெரியுமா?

1999இல் அமெரிக்காவின் நாசா விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர் ஆய்வகத்துக்குச் சந்திரசேகரின் நினைவாகச் 'சந்திரா' எனப் பெயரிடப்பட்டது. வெடித்த விண்மீன்களின் எச்சங்களையும் கருந்துளைகளைச் சூழ்ந்த வெப்ப வாயுவையும் அது ஆராய்கிறது.