மாடு வளர்த்த விஞ்ஞானி



சுவாசித்தல் பாடத்தில் ஏ.டி.பி. என்று ஒரு பெயர் வருமே, அது செல்லுக்குள் எப்படி உண்டாகிறது என்று விஞ்ஞானிகள் 15 வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டையைக் கிளப்பியவர் பீட்டர் மிட்செல்.

இவர் 1920-ல் இங்கிலாந்தில் மிட்சம் என்ற ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சேர எழுதிய தேர்வை ரொம்ப மோசமாக எழுதிவிட்டார். தலைமையாசிரியர் கடிதம் எழுதியதால்தான் இடமே கிடைத்தது. போன பிறகும் முதல் கட்டத் தேர்வில் மூன்றாம் வகுப்புதான்! (இதைச் சொல்லி வீட்டில் யாரும் தப்பிக்கப் பார்க்காதீங்க.)

அப்போது எல்லோரும் என்ன நினைத்தார்கள் என்றால், உணவு எரியும்போது ஆற்றல் நிறைந்த ஒரு வேதிப்பொருள் முதலில் உண்டாகும், அதிலிருந்துதான் ஏ.டி.பி. வரும் என்று. அந்தப் பொருளைப் பல வருஷம் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்று 1961-ல் மிட்செல் கட்டுரை எழுதினார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்டி புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தண்ணீர் தேங்குகிற மாதிரி அங்கே சேருகின்றன. ஒரு நொதி வழியாகத் திரும்பி உள்ளே பாயும்போது, அணைத் தண்ணீரில் மின்சாரம் எடுப்பது போல ஏ.டி.பி. உண்டாகிறது. இவ்வளவுதான் அவர் சொன்னது. பெரும்பாலானவர்கள் நம்பவில்லை.

எடின்பரோவில் வேலை பார்த்தபோது வயிற்றுப்புண் அதிகமாகி, 1963-ல் வேலையை விட்டார். கார்ன்வால் பகுதியில் கிளின் ஹவுஸ் என்ற பாழடைந்த மாளிகையைச் சரிசெய்து, அதிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். கறவை மாடும் வளர்த்தார். கூடவே வந்தவர் ஜெனிபர் மாய்ல் அம்மையார். முக்கியமான சோதனைகளில் அவர் உழைப்பு நிறைய.

1966-ல் அமெரிக்காவில் ஜாகன்டார்ஃப் என்பவர் பசலைக்கீரையின் பசுங்கணிகங்களை இருட்டில் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலில் போட்டார். வெளிச்சமே இல்லாமல் ஏ.டி.பி. வந்தது! எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

அப்படியும் சண்டை ஓயவில்லை. 1977-ல் ஆறு பெரிய விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதப்போய், ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு பகுதி எழுதினார்கள். 1978-ல் வேதியியல் நோபல் பரிசு மிட்செலுக்குத் தனியாகவே கிடைத்தது. மாய்ல் அம்மையாருக்கும் பங்கு கொடுத்திருக்கலாம்.

மிட்செல் சொன்னது எல்லாமே சரியும் இல்லை. புரோட்டான் நொதிக்குள் நேரடியாக வேலை செய்கிறது என்று ரொம்ப நாள் வாதாடினார். உண்மையில் அந்த நொதியின் ஒரு பகுதி ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. அதை விளக்கிய பாயரும் வாக்கரும் 1997-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். பார்க்க மிட்செல் இல்லை. 1992 ஏப்ரல் 10-ஆம் தேதியே இறந்துவிட்டார்.