நாவலர் பெருமானும் பாலபாடமும்

ஆறுமுகநாவலர் நல்லூரில் 1822ஆம் ஆண்டு அவதரித்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த பெருமான், 1848இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

பிள்ளைகள் வந்தார்கள், கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. அது ‘க’வா ‘க்’கா என்று குழந்தை தானே அறிய வழியில்லை, வாத்தியார் அருகிருந்து சொல்லவேண்டும். அச்சிற் கிடைத்தவையோ பெரும்பாலும் மிஷனரிமாரின் நூல்கள்.

1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் வழங்கியதும் இப்பயணத்திலேதான். 1850இலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. முதலில் எழுத்து, பிறகு சிறு சொல், சிறு வாக்கியம், அதன் பின்னரே நீண்ட வசனம். சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகளும் இட்டார். விஜயதசமியன்று அரிசியில் ஏடு தொடக்கிய குழந்தையை, எழுத்தறிந்த தமையனோ மாமனோ திண்ணையில் இருத்தி வாசிக்கப் பழக்கலாம் என்றாயிற்று. பண்டிதர்களுக்கு உரை செய்யவல்லவர் பாலருக்காக இறங்கி வந்து எழுதியது இலேசான காரியமன்று.

இல்லறம் புகாத நாவலர் பெருமான் 1879 டிசெம்பர் 5ஆம் திகதி சிவபதமடைந்தார். பாலபாடம் அதன் பின்னும் பல பதிப்புகள் கண்டது.