ஜான் வான் நியூமன்

ஏடும் எழுதுகோலும் போல, மாணவர் மேசையில் இன்று கணினியும் இடம் பெற்றுவிட்டது. அதனை இயக்கும் நுண்செயலியின் கட்டமைப்பு இனி மாறுமோ மாறாதோ என்பது வல்லுநர் பலர் ஆராயும் வினா. அதன் வேரை நாடுவார்க்கு ஜான் வான் நியூமன் என்னும் அறிஞரின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். ஆகலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், ஹங்கேரி நாட்டுப் புடபெஸ்ட் நகரில், வங்கித் தொழில் புரிந்த செல்வர் ஒருவரின் மூத்த மைந்தராய்த் தோன்றினார். பொருளீட்டுதற்குரிய கல்வியே தந்தையார் விரும்பியது. மைந்தர் விரும்பியது கணிதம். இருவர் கருத்தும் நிறைவேறச் சூரிச் நகரில் வேதிப் பொறியியலும் புடபெஸ்டில் கணிதமும் ஒருங்கே பயின்று, 1926-இல் இரண்டிலும் பட்டம் பெற்றார். 1930-இல் அமெரிக்கா சென்று, 1933-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்துப் பேராசிரியரானார்.

1944-ஆம் ஆண்டு, அபர்தீன் புகைவண்டி நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்னும் படைத்துறைக் கணித வல்லுநரை இவர் தற்செயலாய்ச் சந்தித்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகிவந்த எனியாக் என்னும் பொறியைப்பற்றி அவர்வழி அறிந்தார். ஏறத்தாழ 18,000 வால்வுகள் கொண்ட அப்பொறி விரைந்து கணக்கிடும். ஆயினும் வேறொரு கணக்கைத் தொடங்க வேண்டின், கம்பிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டுவதிலேயே நாட்கள் கழியும். எண்களை வைக்கும் நினைவகத்திலேயே கட்டளைகளையும் எழுதி வைப்பின் இவ்விடர் நீங்கும் என்னும் கருத்தை, 1945 ஜூன் 30-ஆம் நாளிட்ட அறிக்கையில் இவர் முறைப்பட வகுத்துரைத்தார்.

அவ்வறிக்கை இவர் பெயரொன்றையே தாங்கி வெளிவந்தது. அக்கருத்தில் பங்குடைய எக்கர்ட், மாக்லி என்னும் இருவரும் தம் பெயர் விடுபட்டமையால் வருந்தினர். அறிக்கை முன்னரே பலர் கைக்குச் சென்றமையின், காப்புரிமை பெறும் வாய்ப்பையும் இழந்தனர். இதனை மறைத்து இவரைப் புகழ்தல் அறமன்று. எனினும் அக்கருத்து உலகின் பொதுவுடைமையாயிற்று என்பதும் உண்மையே. பிரின்ஸ்டனில் 1952-இல் இயங்கத் தொடங்கிய இவரது பொறியின் அமைப்பைப் பின்பற்றி, சுவீடன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் பொறிகள் எழுந்தன. புற்றுநோய்வாய்ப்பட்ட இவர், 1957 பிப்ரவரி 8-ஆம் நாள் தம் 53-ஆம் வயதில் காலமானார்.

இவர் வகுத்த நெறி பொதுவாயினும், ஒவ்வொரு செயலிக்கும் கட்டளைத் தொகுதி என்னும் தனிமொழி உண்டு. 1978-இல் வந்த இன்டெல் 8086-இன் மொழி, 1981-இல் ஐ.பி.எம். கணினி வாயிலாகப் பரவி நிலைபெற்றது. அம்மொழியில் செயலி செய்யும் உரிமை மிகச் சில நிறுவனங்கட்கே உண்டு. ஆர்ம் என்பதன் மொழியை உரிமம் பெற்றே ஆளுதல் வேண்டும். பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் மொழியையோ எவரும் கட்டணமின்றிக் கையாளலாம். அதனைக்கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்த சக்தி செயலி 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது.

எனின், மாற்றம் வருமோ? ஆப்பிள் நிறுவனம் 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தன் கணினிகளின் செயலிமொழியை மாற்றியது. பழைய நிரல்களைப் புதிய மொழிக்குப் பெயர்த்தியக்கும் நிரலையும் உடன் தந்தமையால் பயன்படுத்துவோர் பெரிதும் இடர்ப்பட்டிலர். ஏனைக் கணினிகளைச் செய்வோர் பலராதலாலும், அவற்றிற்கென எழுதப்பெற்ற நிரல்கள் அளவிறந்தனவாதலாலும், அங்கு மாற்றம் மெல்லவே நிகழும் என்பது எம் துணிபு.

எம் மாகறலுக்கு அணித்தாய உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் கற்சுவரில் யாவரும் காணப் பொறிக்கப்பட்டுள்ளன. பொதுவில் நிற்கும் விதியைக் கற்கவும் அதன் குறை காணவும் எவர்க்கும் இயலும். செயலியின் மொழியும் அவ்வாறு பொதுவாயின், சிற்றூர் மாணவரும் அதனைக் கற்றுப் புதியன படைத்தல் கூடும். அங்ஙனம் படைக்குங்கால், உடனுழைத்தார் பெயரையும் ஒருங்கெழுதும் நேர்மையை நாம் மறவாதிருப்போமாக.