இரண்டு சீட், 2,000 ரூபாய்: ஜி.டி.நாயுடுவின் கார் ஏன் ரோட்டுக்கு வரவில்லை?

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அது. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு பேர் போகிற பெட்ரோல் காரையே 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டினார் ஒரு கோவைக்காரர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

யார் இவர்?

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். படிப்பு பள்ளியோடு பாதியிலேயே நின்றது. ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்புதான். கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அதை வாங்கினார். பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அதுதான் அவருடைய காலேஜ்!

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சி - பழனி இடையே ஓட்டினார். அது பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தார்.

காருக்கு என்ன ஆச்சு?

கார் தயாரானது 1952-ல். புதுத் தொழிற்சாலை தொடங்க மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம் என்ற சட்டம் அமலுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு அதோடு நின்றது.

ஐரோப்பாவில் என்ன நடந்தது?

அடுத்த ஆண்டே, 1953-ல், ஃப்ரிட்ஜ் செய்துகொண்டிருந்த இத்தாலியின் ஐசோ நிறுவனம் 'இசெட்டா' காரை இறக்கியது. முட்டை வடிவம், முன்பக்கம் முழுக்க ஒரே கதவு. 1955 முதல் பிஎம்டபிள்யூ அதைத் தயாரித்து, 1.6 லட்சத்துக்கும் மேல் விற்றது. போர் விமானங்கள் செய்த மெஸ்ஸர்ஸ்மிட் நிறுவனமும் மூன்று சக்கரக் காரில் இறங்கியது. மேல்மூடியைத் தூக்கித்தான் ஏறணும். ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரணும். பெரிய கார் வாங்க வசதியில்லாதவர்களின் வண்டிகளாக இருந்தவை, இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கும் பொக்கிஷங்கள்.

இன்று?

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் குடும்பத்தின் ஜீடி கார் மியூசியத்தில் உலகின் பழைய கார்களைப் பார்க்கலாம். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என மின் ஸ்கூட்டர்கள் இப்போது வரிசையாக வெளியே வருகின்றன. ஒரு மாடல் வண்டியைச் செய்வது பாதி வேலைதான், அதை லைனில் ஏற்றுவதுதான் மீதி என்பது இங்கே ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். நாயுடு தன் பாதியை 1952-லேயே முடித்துவிட்டார்.