நோட்டில் இருக்கும் செய்தியாளர்

கிராஞ்சி அரசாங்கக் கல்லறைத் தோட்டத்தில் யூசோஃப் இஸ்ஹாக் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் முன் நின்றேன். நம் வெள்ளி நோட்டுகளில் தினமும் பார்க்கும் முகம். முதல் அதிபர் என்பது தெரியும்; செய்தியாளராக இருந்தவர் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

1910ல் பேராக்கில் பிறந்த அவர், 1939ல் நண்பர்களுடன் ‘உத்துசான் மலாயு’ நாளிதழைத் தொடங்கினார். மலாய்க்காரர்களுக்குச் சொந்தக் குரல் வேண்டும் என்பதே நோக்கம். கம்பத்து மக்களிடமும் பங்குகளை விற்று முதலீடு திரட்டினார்கள். நாளிதழை அரசியல் கட்சி ஒன்று தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, 1959ல் அவர் விலகினார்.

1965ல் அதிபரானார், 1970ல் மறைந்தார்.

குடிமைச் சமூகம் என்றால் பெரிய அமைப்புகள் என்றே நினைத்திருந்தேன். சிறுசேமிப்பில் பங்கு வாங்கிய அந்தச் சாமானியர்களும் அதுதான். நியாயம் கேட்கும் குரலுக்கு இன்று நாம் என்ன தருகிறோம்?